டாக்டரிடம் கேளுங்கள்: வண்டிக்கு அடியில் வெடித்தால் முதுகு என்ன ஆகும்?

போன இதழில் அலுவலக நாற்காலியைப் பற்றி எழுதும்போது, ராணுவ வண்டியில் உட்காரும் விதம் தனிக் கதை என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்தேன். நம் பக்கத்து ஆட்களுக்கு அது போதுமே! உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் என்று தெருவுக்கு ஒருவராவது சீருடையில் இருக்கிற ஊர்கள். நாற்காலியை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் திருமங்கலத்தில் கிளினிக் போடுவதற்கு முன் ராணுவ மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கும் பேச ஆசைதான். இந்த மாதம் அந்தக் கடிதங்களுக்கு முதல் இடம்.

உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர்:

என் மகன் சி.ஆர்.பி.எஃப்.பில் சேர்ந்து சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் இருக்கிறான். சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்தவன் பேச்சுவாக்கில், "வண்டியில் போகும்போது நிமிர்ந்து உட்காரணும், காலைத் தரையில் ஊன்றக்கூடாது, அப்போதான் கீழே வெடித்தாலும் முதுகு தப்பிக்கும்" என்றான். உட்காருகிற விதத்தில் அப்படி என்ன இருக்கிறது? என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னானா? பாண்டி கோவிலுக்கு நேர்ந்திருக்கிறேன்.

பதில்: சமாதானம் இல்லையம்மா. உங்கள் மகன் வகுப்பில் தூங்காமல் கேட்டிருக்கிறான். ஆனால் அவன் கேட்டதில் பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கண்ணிவெடி என்றதும் நெருப்பும் சிதறுகிற இரும்பும்தான் நமக்குக் கண்ணில் வருகிறது. நல்ல கவச வண்டிக்குள் இருப்பவரைப் பல நேரம் அவை எட்டுவதே இல்லை. அடித்தகடு தாங்கிக்கொள்கிறது. தாங்கும்போது அது உள்பக்கமாகப் புடைத்து எழும்புகிறது. அப்புறம் பல டன் எடையுள்ள வண்டியே மேலே எம்புகிறது. எம்பியது தொப்பென்று விழுகிறது. ஆக, உள்ளே இருப்பவருக்கு மூன்று அடி. முதல் அடி தரையில் ஊன்றிய காலுக்கு. இரண்டாவது, இருக்கை வழியாக இடுப்புக்கும் முதுகுக்கும். மூன்றாவது, வண்டி திரும்பத் தரையில் விழும்போது. அதற்குள் ஆள் இருக்கையை விட்டுக் கிளம்பியிருந்தால் எந்தக் கோணத்தில் வந்து விழுவார் என்று சொல்லவே முடியாது.

ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குக்குள் தரை புடைத்துவிடுகிறது. இருக்கை வழியாக ஏறும் அடியும் கண் இமைத்து முடிவதற்குள் வேலையை முடித்துவிடும். சுதாரிக்க நேரம் கிடையாது. தசையை இறுக்குவது, கம்பியைப் பிடிப்பது எல்லாம் சினிமாவில்தான். அந்தக் கணத்தில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே அடியை வாங்குகிறார். உட்காரும் விதத்துக்கு இத்தனை முக்கியத்துவம் வருவது இதனால்தான்.

இருக்கை திடீரென்று மேலே வருகிறது. இடுப்பு எலும்பும் அதோடு மேலே வருகிறது. ஆனால் நெஞ்சு, தலை, தலையில் இருக்கும் ஹெல்மெட், உடம்பில் மாட்டியிருக்கும் 10 கிலோ கவச ஜாக்கெட் இவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குவது முதுகெலும்பு. அதிலும் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. விலா எலும்புகள் பிடித்து இறுக்கிவைத்திருக்கிற மேல்முதுகு முடிந்து, தாராளமாக வளைகிற கீழ்முதுகு தொடங்கும் இடம். எங்கள் பாஷையில் டி12, எல்1, அதாவது மேல்முதுகின் கடைசி முள்ளெலும்பும் கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முடிகிற இடமும் கிட்டத்தட்ட அதுதான். அங்கே எலும்பு உடைந்து சில்லு பின்பக்கம் தள்ளினால் கால், சிறுநீர், மலம் எல்லாவற்றுக்கும் சிக்கல்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் என்ன லாபம்? முதுகு அதற்கே உரிய இயல்பான வளைவோடு நிற்கும்போது எடை முள்ளெலும்பின் தடித்த நடுப்பகுதி வழியாக இறங்குகிறது. பின்னால் இருக்கும் சிறு மூட்டுகளும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. முன்னால் குனிந்தால் முழுப் பாரமும் எலும்பின் முன் விளிம்புக்குப் போய்விடும். அந்த விளிம்பு நசுங்கி எலும்பு ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. கீழமாசி வீதியில் மூட்டை சுமக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தலையில் மூட்டை ஏறியதும் கழுத்தும் முதுகும் ஒரே கோடாக நிற்கும், எதையாவது எடுக்கவேண்டுமென்றால் முழங்காலைத்தான் மடக்குவார்கள், இடுப்பில் குனியவே மாட்டார்கள். அதே கணக்கு. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பிட்டத்தில் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டு போவதும் கெடுதல். பாரம் ஒரு பக்கமாக இறங்கும், முறிவும் கோணலாக வரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடி பெரிதாக இருந்தால் நிமிர்ந்த முதுகும் உடையும். உட்காரும் விதம் எவ்வளவு அடிக்கு எலும்பு தாங்கும், எப்படி உடையும் என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான். என்னிடம் கேட்டால், வண்டியின் அடிப்பாகம் முதலில், இருக்கையும் பெல்ட்டும் அடுத்து, உட்காரும் விதம் மூன்றாவது. முதல் இரண்டும் உங்கள் மகன் கையில் இல்லை. மூன்றாவதும் முழுக்க அவன் கையில் இல்லை. முதுகில் தகடும் பையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாய்மானத்தில் முதுகு படவே படாது, அது ஆளை முன்னால் தள்ளும். அந்தக் கோலத்தில் கரடுமுரடான பாதையில் இரண்டு மணி நேரம் போனால் யார் நிமிர்ந்து இருக்க முடியும்? அடிபட்டு வந்த பையனிடம் "ஒழுங்காக உட்கார்ந்திருக்கலாம் இல்ல" என்று கேட்கிற உறவினர்களை நான் வார்டை விட்டே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

கால் விஷயம். நான் பார்த்த ஒரு ஜவானுக்குப் பூட்ஸில் கீறல்கூட இல்லை. பூட்ஸை வெட்டி எடுத்தபின் பார்த்தால் பாதம் ஊதிக் கிடந்தது, எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு பல துண்டு. தரைத்தகடு கீழிருந்து கொடுத்த அடி. இதற்காகத்தான் புதிய வண்டிகளில் தரையைத் தொடாமல், இருக்கையோடு சேர்ந்த கால்தாங்கி வைக்கிறார்கள். அதில் கால் இருக்கவேண்டும் என்பதுதான் உங்கள் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது. கால்தாங்கி இல்லை என்பதற்காகக் காலைத் தூக்கி இருக்கையிலேயே வைத்துக் குத்தவைத்து உட்காரக் கூடாது. இடுப்பு பின்பக்கம் உருண்டு முதுகு கூன் விழுந்துவிடும். காலைக் காப்பாற்றப் போய் முதுகைக் கொடுத்த கதைதான்.

பெல்ட். வெடித்த கையோடு சுடத் தொடங்குவார்கள், உடனே குதிக்கணும், பெல்ட்டோடு போராடிக்கொண்டிருக்க முடியுமா என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் பெல்ட் இல்லாதவருடைய தலை வண்டியின் கூரையில் மோதுகிறது, அப்புறம் அவர் எங்கே குதிப்பது? தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு பட்டை வைத்து நடுவில் ஒரே அமுக்கில் விடுபடுகிற பெல்ட் இருந்தால் போட்டே ஆகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பழகச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வண்டிகளில் வெடிக்கென்றே செய்த இருக்கை, அடி விழும்போது தானே கீழே இறங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். அது இறங்குவதற்குக் கீழே இடம் வேண்டும். நம் ஆட்கள் அந்த இடத்தில்தான் தண்ணீர் கேன், ரேஷன் பை, வெடிமருந்துப் பெட்டி எல்லாவற்றையும் திணிப்பார்கள். இருக்கை இறங்க முடியாமல் பெட்டியில் முட்டி நின்றால் மிச்ச அடி முழுவதும் முதுகுக்கு. பாண்டி கோவிலுக்கு நேர்ந்தது நல்லது. அடுத்த முறை போன் வரும்போது, "சீட்டுக்கு அடியில் என்னப்பா வச்சிருக்கீங்க?" என்றும் கேட்டுவிடுங்கள். பஸ்தரில் கண்ணிவெடிக்குப் பயந்து பல இடங்களில் நடந்தே போகிறார்கள், மோட்டார் சைக்கிளிலும் போகிறார்கள். வண்டியில் ஏறுவதைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய பாதுகாப்பு என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து மெக்கானிக்கல் படிக்கும் மாணவர் ஒருவர்:

இத்தனை யோசிப்பதற்குப் பதில் இருக்கையில் ஒரு அடி உயரத்துக்கு மெத்தென்று ஸ்பாஞ்ச் போட்டுவிட்டால் முதுகு தப்பிக்காதா?

பதில்: தப்பிக்காது தம்பி, சில நேரம் மோசமாகும். உங்கள் பாடத்தில் இருக்கிற விஷயம்தான். மெத்தென்ற ஸ்பாஞ்ச் அமுங்கும்போது எதிர்ப்பே காட்டாது. கீழே இருக்கிற இருக்கை இதற்குள் முழு வேகம் எடுத்துவிடுகிறது, மேலே நீங்கள் இன்னும் அசையவில்லை. ஸ்பாஞ்ச் அடியோடு அமுங்கியதும், வேகமாக வரும் இரும்பு நின்றுகொண்டிருக்கும் எலும்பில் மோதுகிறது. இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஆரம்பத்திலிருந்தே இருக்கையோடு சேர்ந்து வேகம் எடுத்திருப்பீர்கள். தளர்ந்த பெல்ட்டில் கெடுதல் வருவதும் இதே காரணத்தால்.

போர் விமானத்திலிருந்து விமானியை இருக்கையோடு வெளியே எறியும் ஏற்பாட்டில் இதை முதலில் படித்துக்கொண்டார்கள். அந்த இருக்கைகள் 1940களில் வந்தன. வந்ததிலிருந்தே முதுகெலும்பு முறிவு பெரிய தலைவலி. அதனால்தான் அங்கே மெத்தை மெலிதாகவும் கெட்டியாகவும் இருக்கும். விமானிக்கு முதல் பாடமே தலையைப் பின்னால் ஒட்டு, முதுகை ஒட்டு, முழங்கையை உள்ளே வை என்பதுதான்.

கவச வண்டியின் இருக்கைக்குச் சரியான வழி, ஒரே அளவு விசையில் மெதுவாக விட்டுக்கொடுக்கிற பொருள். வளைகிற, நசுங்குகிற, கிழிகிற உலோகத் துண்டுகளை வைத்து இதைச் செய்கிறார்கள். இருக்கையைத் தரையில் போல்ட் போடாமல் பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள். தரை புடைத்தால் புடைத்துவிட்டுப் போகட்டும் என்று.

நீங்கள் எண்ணில் பேசுகிற ஆள் என்பதால் இதையும் சொல்கிறேன். நேட்டோ நாடுகள் வண்டியைச் சோதிக்கும்போது அடியில் 6, 8, 10 கிலோ வெடிமருந்து என்று படிப்படியாக வைத்து வெடிக்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் ஒரு முறை, வயிற்றுக்கு நேர் கீழே ஒரு முறை. உள்ளே ஆளுக்குப் பதில் மனித உருவப் பொம்மை. இடுப்பில் பதிவாகும் முடுக்கத்தை ஒரு ஸ்பிரிங், ஒரு எடை, ஒரு டேம்பர் உள்ள கணக்கில் போட்டு ஒரு குறியீட்டு எண் எடுப்பார்கள். 17.7ஐத் தாண்டக் கூடாது. அந்த எல்லையில் முதுகுக் காயம் வர 10 சதவீத வாய்ப்பு என்று வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்புக்கு எல்லை 5.4 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 550 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம்.

அந்த 17.7 எங்கிருந்து வந்தது? விமானி இருக்கை ஆராய்ச்சியிலிருந்து வந்த கணக்கு. நேராக, கட்டிப்போட்டு உட்கார்ந்த மனிதனுக்குப் போட்டது. மேல்நோக்கிய ஒரே திசைதான் அதற்குத் தெரியும். குனிந்திருப்பவர், திரும்பியிருப்பவர், ஒரு பக்கம் சாய்ந்து தூங்குபவர் யாரும் அந்தக் கணக்கில் கிடையாது. பொம்மையிலும் இதே தகராறு. உலகமெங்கும் பயன்படும் ஹைப்ரிட் 3 என்கிற பொம்மை 1970களில் கார் நேருக்கு நேர் மோதுவதைச் சோதிக்க வந்தது. கார் ஓட்டுபவர் தளர்ந்து உட்காருவார் என்று அதன் கீழ்முதுகையே வளைவாகச் செய்திருக்கிறார்கள். விமான இருக்கைச் சோதனைக்கு இது சரிப்படாது என்று நேரான முதுகு வைத்த இன்னொரு வகை வந்தது. அதில் கீழ்முதுகில் 680 கிலோவுக்கு மேல் ஏறினால் அந்த இருக்கை அமெரிக்க விதிப்படி தேறாது. கீழிருந்து வரும் வெடிக்கென்றே புதிதாகப் பொம்மை செய்ய அமெரிக்க ராணுவம் தனித் திட்டமே போட்டது. புராஜெக்ட் தேடிக்கொண்டிருந்தால், குனிந்த முதுகுக்கு அந்த ஸ்பிரிங் கணக்கை எப்படித் திருத்துவது என்று பாருங்கள். மார்க் வருமா தெரியாது, வேலை நிறைய இருக்கிறது.

பேரையூரிலிருந்து முன்னாள் ராணுவ வீரர் ஒருவர்:

எங்கள் காலத்தில் மூன்று டன் லாரிதான். தரையில் மணல் மூட்டை அடுக்கி, பக்கவாட்டுப் பெஞ்சில் எதிரும் புதிருமாக உட்காருவோம். பெல்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் சொல்கிற சட்டமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். மணல் மூட்டையால் பயன் இருந்ததா, இல்லையா?

பதில்: இருந்தது ஐயா. மணல் சிதறலைத் தடுக்கும், வெடிப்பின் வேகத்தில் ஒரு பங்கை விழுங்கும், வண்டிக்கு எடை கூட்டி எம்புவதைக் குறைக்கும். கவசம் இல்லாத லாரிக்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. ஆனால் அந்த மூட்டை மேலேயே காலை ஊன்றி உட்கார்ந்தீர்கள் இல்லையா, அடி காலுக்கு வரும் வழி அப்படியேதான் இருந்தது. தென் ஆப்பிரிக்காவில் 1970களின் கடைசியில் காஸ்பிர் வண்டியை வி வடிவ அடிப்பாகத்தோடு செய்தார்கள். நம் ராணுவமும் அதை வாங்கிப் பயன்படுத்தியது. வெடிப்பு நேராக மேலே ஏறாமல் இரண்டு பக்கமும் பிரிந்து போகவேண்டும் என்பது யோசனை. தரையிலிருந்து உயரம் அதிகம் என்பதும் ஒரு லாபம். உயரமான வண்டி சரிவில் சீக்கிரம் குடைசாயும், அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பக்கவாட்டுப் பெஞ்சைப் பற்றி எனக்குப் பெரிய மனத்தாங்கல். துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, கைகளை அதன் மேல் கோத்து, அதில் நெற்றியை வைத்துத் தூங்குவீர்கள். ஒரு பிளாட்டூன் முழுக்க அப்படித் தூங்கிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். உடம்புக்கு அந்த நேரத்தில் அதைவிடச் சுகமான இருப்பு கிடையாது. முதுகுக்கு அதைவிட ஆபத்தான இருப்பும் கிடையாது: முழுக்கக் குனிந்த முதுகு, இடுப்பு பின்பக்கம் உருண்டது, நெற்றிக்கு நேர் கீழே ஒரு இரும்புக் குழாய். தலை சாய்க்க இடமுள்ள, தோளுக்கு பெல்ட் வைத்த இருக்கையில் தூக்கம் வந்தாலும் முதுகு பின்னாலேயே இருக்கும். தூங்காதே என்று உத்தரவு போடுவதைவிட நிமிர்ந்து தூங்குகிற மாதிரி இருக்கை கொடுப்பது மேல். இதை ஏட்டுச் சுரைக்காய் என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இடுப்புக்கு மட்டும் ஒரே பட்டை போடுவதும் பாதி வேலைதான். பட்டையை அச்சாக வைத்து மேல் உடம்பு முன்னால் மடிந்தால் முள்ளெலும்பு குறுக்கே கிழிகிறது. 1948ல் இந்த முறிவை விவரித்தவர் பெயரால் இதைச் சான்ஸ் முறிவு என்போம். பழைய கார் விபத்துகளில் நிறைய வரும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் பத்து வருடமாகக் கூன் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் ஏன் சின்ன எழுத்தில் எழுதினீர்கள்? பழைய முறிவாக இருக்கலாம், எலும்பு தேய்ந்து மெலிந்ததாகவும் இருக்கலாம். முன்னாள் வீரர் மருத்துவ அட்டை வைத்திருப்பீர்கள். ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள்.

செக்கானூரணியிலிருந்து வாசகி ஒருவர்:

வெடியெல்லாம் எங்களுக்கு எதற்கு? என் மாமியாருக்கு 64 வயது. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவர், வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார். எல்1 முறிவு என்கிறார்கள். ஒரு பள்ளம் மேட்டில் எலும்பு உடையுமா? டிரைவர் நம்பவே இல்லை.

பதில்: உடையும். அதே எல்1, பார்த்தீர்களா? வெடியில் உடைகிற அதே இடம், அதே விதம், விசை மட்டும் சிறிது. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி வரிசைதான் பஸ்ஸிலேயே அதிகமாகத் துள்ளும். ஆள் இருக்கையை விட்டு எழும்பி, தொப்பென்று உட்கார்ந்தவாறே விழுகிறார். வேகத்தடைக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தாண்ட ஏற்றது. நம் ஊர்களில் அவரவர் வீட்டுக்கு முன்னால் ஒரு முழ அகலத்தில் கட்டிவைக்கும் குட்டிச்சுவருக்கு அந்தப் பெயரே பொருந்தாது.

இங்கே ஒரு நல்ல சேதி. வெடியில் கிடைக்காத நேரம் பஸ்ஸில் கிடைக்கிறது. வேகத்தடை வருவது தெரிந்தால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, பிட்டத்தை இருக்கையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்ளலாம். அடி தொடைத் தசைக்குப் போகும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களால் அது முடியாது. அவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கையில் உட்காரட்டும். ஷேர் ஆட்டோவின் பின்பக்கப் பலகையில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

உங்கள் மாமியார் விஷயத்தில் எனக்கு பஸ்ஸைவிட எலும்புதான் கவலை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் இன்னும் மோசம். வலியே இல்லாமல்கூட முள்ளெலும்பு நசுங்கும். பாட்டி குள்ளமாகிக்கொண்டே போகிறார் என்று வீட்டில் சிரிப்போமே, அதில் பாதி இதுதான். ஒரு முள்ளெலும்பு உடைந்தவருக்கு அடுத்தது உடையும் வாய்ப்பு கூடுதல். ஆகவே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, வைட்டமின் டி பார்த்து, மருந்து தொடங்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஊசி என்கிற வசதியெல்லாம் இப்போது இருக்கிறது. சின்ன அடிக்கு உடைந்ததால் முதுகெலும்புக் காசநோயோ, மஜ்ஜைப் புற்றோ இல்லை என்பதையும் ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். டிரைவரை அப்புறம் நம்பவைக்கலாம்.

சோழவந்தானிலிருந்து ஒரு வாசகர்:

தம்பி தென்னை மரத்திலிருந்து வழுக்கிக் காலில் ஊன்றி விழுந்தான். இரண்டு குதிகாலும் முறிவு என்று கட்டுப் போட்டிருக்கிறார்கள். இடுப்பும் வலிக்கிறது என்கிறான். படுத்தே கிடப்பதால்தானே?

பதில்: அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். உயரத்திலிருந்து காலில் ஊன்றி விழுந்து குதிகால் உடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்குக் கீழ்முதுகிலும் முறிவு இருக்கும். மருத்துவ மாணவர்களுக்கு முதல் வருடப் பயிற்சியிலேயே அடித்துச் சொல்லிக்கொடுப்போம், குதிகாலைப் பார்த்தால் முதுகைப் பார் என்று. முதலில் பார்த்தோமே, வண்டித் தரையிலிருந்து காலுக்கும் இருக்கையிலிருந்து முதுகுக்கும் ஏறும் அடி, அது இங்கே தரையிலிருந்து மொத்தமாக ஏறியிருக்கிறது. நாளைக்கே முதுகுக்கு எக்ஸ்ரே எடுங்கள், சந்தேகம் இருந்தால் சி.டி. தொடையிடுக்கில், உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் போகாமல் தங்குவது, கால் விரல் அசையாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்கக் கூடாது, இன்றே பெரிய ஆஸ்பத்திரி.

விழுந்த அன்று எப்படித் தூக்கினீர்கள் என்று எழுதவில்லை. நம் தோப்புகளில் நாலு பேர் ஓடிவந்து கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று பிடித்து, நடுவில் இடுப்பு தொங்கத் தொங்கத் தூக்குவார்கள். அப்புறம் பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்காரவைப்பார்கள். நொறுங்கிய எலும்பை மடக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆளை அசைக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வராத இடமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் என்று ஆளுக்கு ஒரு இடம் பிடித்து, தலையைப் பிடித்தவர் சொல்லும் எண்ணிக்கைக்கு எல்லோரும் ஒன்றாக உருட்டி, கதவோ பலகையோ அடியில் செருக வேண்டும். பஸ்தர் காட்டிலும் இதே முறைதான்.

மேலூரிலிருந்து ஒரு டிராக்டர் ஓட்டுநர்:

மெடிக்கல் கடையில் விற்கிற இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டால் முதுகு அடி வாங்காதா?

பதில்: வாங்கும். அது குனியாமல் இருக்க நினைவூட்டும், அவ்வளவுதான். மேலிருந்து கீழே இறங்கும் பாரத்தை அது தாங்காது. அந்தக் காசுக்கு டிராக்டர் சீட்டின் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

வாடிப்பட்டி பக்கமிருந்து ஒரு ராணுவ வீரரின் மனைவி:

என் கணவர் வண்டியில் போகும்போது அடியில் வெடித்து, முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் செய்து மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். கால் நன்றாக வருகிறது. நடக்கிறார். ஆனால் தரையில் சம்மணம் போட்டு எல்லோரோடும் சாப்பிட வேண்டும், மகளைத் தூக்க வேண்டும் என்று பிடிவாதம். விடலாமா? உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார், ஷேர் ஆட்டோ சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கிறது.

பதில்: சம்மணம் இப்போதைக்கு வேண்டாம் அம்மா. உட்காரும்போதும் எழும்போதும் முதுகு குனிந்து திரும்புகிறது, கம்பி பிடித்திருக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முழுக்க ஒட்டியிருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், கைப்பிடி வைத்த கெட்டியான நாற்காலி ஒன்று போடுங்கள். எல்லோருக்கும் சேர்த்து நாற்காலி போட்டுவிட்டால் அவருக்கும் தனியாகத் தெரியாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுவது நல்ல பழக்கம், தடுக்காதீர்கள். மகளைத் தரையிலிருந்து தூக்கக் கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் மடியில் வையுங்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட எலும்பு ஒட்ட உதவும். பைக், தரை, கனம் தூக்குவது எல்லாம் எப்போது என்பதை ஆபரேஷன் செய்தவர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்லட்டும். நான் இங்கிருந்து தேதி சொல்வது தப்பு.

சத்தத்துக்கு விறைப்பது முதுகு சம்பந்தப்பட்டது இல்லை. வெடியில் சிக்கியவர்களுக்கு அது வருவது சகஜம். தானே போய்விடும் என்று விடாமல், அடுத்த முறை ராணுவ மருத்துவமனைக்குப் போகும்போது மனநல மருத்துவரிடமும் ஒரு சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். நீங்கள் கூடவே உள்ளே போய் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். எடை அதிகமாக இருந்தால் பையை நீங்களே தூக்குங்கள்.